எட்டணாச் சந்தா

தில்லியில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்றதும், "அப்போ இந்தி பிச்சு உதறுவீங்களே!" என்பார்கள் ஊரில் உள்ள உறவினர்கள். உண்மைதான். ஆனால் தமிழும் போகவில்லையே, அது எப்படி? அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கதை இருக்கிறது.

1911 டிசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். சர்க்கார் ஆபீஸ்களுக்குக் குமாஸ்தாக்களாக நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1920களில் வந்தவர் என் தாத்தா. வெயில் ஏறினால் சர்க்கார் சிம்லாவுக்குப் போய்விடும். குளிர் வந்தால் கீழே இறங்கும். கோப்புகளோடு குமாஸ்தாவும், குமாஸ்தாவோடு பெண்டாட்டி பிள்ளைகளும். கால்காவில் சின்ன ரயிலுக்கு மாறும்போது ஊறுகாய் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே என்றால் பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த மொழியில் படிக்கும்?

சர்க்கார் பதில் சொல்லட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1923இல் தாங்களே பள்ளி தொடங்கினார்கள். நெடுங்காலம் அதற்கு மதராசிப் பள்ளி என்றே பெயர். அன்று விந்தியத்துக்குத் தெற்கே எல்லாரும் மதராசிதானே! அந்த முயற்சிதான் இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தாத்தாவின் கணக்கு நோட்டில் பால், விறகு, தபால் கார்டுக்குக் கீழே 'ஸ்கூல் சந்தா 8 அணா' என்று மாதாமாதம் ஒரு வரி இருக்கிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் பிறந்தது 1946இல்தான். விழாவும் பட்டிமன்றமும் பிறகு வந்தன, படிப்புதான் முந்தியது.

1947க்குப் பிறகு கரோல் பாகில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு லாகூரிலிருந்து அகதிகளாக ஒரு பஞ்சாபிக் குடும்பம் வந்தது. அந்த அம்மாள்தான் என் அம்மாவுக்குக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் இந்தியைக் கற்றுக்கொடுத்தார். அம்மா அவர் பையனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். இதற்குச் சங்கமும் இல்லை, தீர்மானமும் இல்லை.

குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அவர்களோடு நிற்கவில்லை. 1970களையொட்டி, ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி வளர்ந்தது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்த தமிழர்கள் அவர்கள். அங்கிருந்த பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்தார்கள். மற்றபடி அவர்களும் நாமும் ஒன்றாக உட்கார்ந்த இடம் தில்லியில் வேறு எது? கோயிலில்கூட நாம் முன்வரிசை, அவர்கள் பின்வரிசை. ஒளிக்காமல் சொல்கிறேன்.

2025 ஜூன் 1 அன்று, உயர்நீதிமன்ற உத்தரவுப்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189க்கு மட்டும் மாற்று வீடு பெறத் தகுதி என்றார்கள். அந்த வீடுகளும் தில்லியின் வட எல்லையில், நரேலாவில்.

பள்ளி வாசலில் ஒரு தாயைச் சந்தித்தேன். "நாலரைக்கே எழுப்பிடறேன் சார். பஸ்ஸுலயே தூங்கிடுது. அங்க பக்கத்துல ஸ்கூல் இருக்குன்னு சொல்றாங்க, தமிழ் இல்லையே" என்றார்.

நம் சங்கத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அது அரசாங்கத்தின் பொறுப்பு என்று ஒரு நண்பர் சொன்னார். தவறில்லை. 1923இலும் அப்படிச் சொல்லியிருக்கலாம். நரேலாவிலிருந்து லோதி எஸ்டேட்டுக்கு ஒரு வேன் விட மாதம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் தாத்தாவின் நோட்டையும் கொண்டுவருவேன்.