காடு படிக்கக் கப்பல் ஏறியவர்கள்

வனவியலில் முதுமாணி படிக்க ஆராவது வெளிநாடு போகிறார் என்றால் எங்களுக்குள் முதலில் எழும் கேள்வி இதுதான்: "மரத்தைப் பற்றிப் படிக்க ஏன் பிளேன் ஏறவேணும்? காடு இங்கயும் இருக்குத்தானே?"

1889இல் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கிஃபர்ட் பின்ஷோவுக்கும் இதே சிக்கல்தான். அமெரிக்காவில் காட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வனவியல் கற்பிக்க அங்கே ஒரு கல்லூரிகூட இல்லை. அவர் கப்பலேறி பிரான்சின் நான்சி நகருக்குப் போனார். அங்கே 1824 முதல் வனவியல் பள்ளி இயங்கிவந்தது.

காடு குறைந்த ஐரோப்பாவில் எப்படி இந்தப் படிப்பு பிறந்தது? குறைந்தபடியால்தான் பிறந்தது. ஜேர்மனியின் சாக்சனியில் வெள்ளிச் சுரங்கங்களும் உலைகளும் மரத்தை விழுங்கின. அங்கே சுரங்க அதிகாரியாக இருந்த கார்லோவிட்ஸ், 1713இல், வளருகிற அளவுக்கு மேல் வெட்டக்கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகு காட்டைத் துண்டுகளாகப் பிரித்து, முறைவைத்து வெட்டி, கணக்கு எழுதினார்கள். ஒரு மரம் முற்ற நூறு வருசம் செல்லும். அந்தப் பரிசோதனையைப் பார்க்க விரும்புகிறவர், அதை முன்னமே தொடங்கியவர்களின் காட்டுக்குத்தான் போகவேண்டும்.

பிரிட்டனுக்கும் அப்போது சொந்தப் பள்ளி கிடையாது. ஆனால் பேரரசுக்குக் கப்பல் கட்டத் தேக்கும், தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டையும் வேண்டியிருந்தன. 1864இல் ஜேர்மனியரான டீட்ரிக் பிராண்டிஸ் இந்தியக் காடுகளின் முதல் தலைமை அதிகாரியானார். இந்திய வனசேவைக்குத் தெரிவான பிரிட்டிஷ் இளைஞர்கள் பிரான்சிலும் ஜேர்மனியிலும் படித்தார்கள். 1878இல் டேராடூனில் பள்ளி தொடங்கியது, ஆனால் அது கீழ்நிலைப் பதவிகளுக்குத்தான். மேல்பதவிக்கு ஐரோப்பியப் படிப்பு வேணும். வெளிநாட்டுப் பட்டம் அறிவு மட்டுமில்லை, யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் கதவும்தான்.

ஐரோப்பாவில் இருந்தபோது பின்ஷோ, ஓய்வுபெற்றிருந்த பிராண்டிசைச் சந்தித்து ஆலோசனை கேட்டார். 1890இல் ஊர் திரும்பினார். 1900இல் அவருடைய குடும்பத்தின் நன்கொடையில் யேலில் வனவியல் பள்ளி திறந்தது. 1914இல் சீனாவின் லிங் தாவ்யாங் அங்கேயே முதுமாணிப் பட்டம் பெற்றார். வெளியே போய்ப் படித்தவர் தொடங்கிய இடத்துக்கு இப்போது வெளியாட்கள் வந்தார்கள்.

ஆனால் பட்டத்தோடு ஒரு பார்வையும் கூடவே பயணித்தது. பர்மாவில் கரேன் மக்கள் மாறிமாறிக் காடு வெட்டிப் பயிர் செய்வதை அதிகாரிகள் அழிவென்றே நினைத்தார்கள். பிராண்டிஸ் அதே மக்களைக்கொண்டு பயிருக்கிடையில் தேக்கு நடுவித்தார். அவர்களின் அறிவு வேலைசெய்தது, தேக்கு அரசாங்கத்துக்குப் போனது.

இந்தப் பார்வை எங்கள் தீவுக்கும் வந்தது. 1882இல் இந்திய வனசேவையைச் சேர்ந்த வின்சென்ட் இலங்கைக் காடுகளைப் பற்றி அறிக்கை எழுதினார். 1885இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. தலைமுறையாகச் சேனை வெட்டியவர், காட்டுக்குள் அனுமதி கேட்கவேண்டிய ஆளானார்.

அதனால் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நூறு வருசக் கணக்கை இன்றும் போய்த்தான் பார்க்கவேணும். ஆனால் திரும்பி வந்து வரைபடத்தில் எல்லைக் கோடு போட முன்னம், அந்தக் காட்டில் தேன் எடுக்கிறவரோடும் சேனை செய்கிறவரோடும் ஒருக்கா நடந்து பாருங்கோ. அவர்களிடமும் நூறு வருசக் கணக்கு இருக்கு. எழுதி வைக்கத்தான் ஆளில்லை.