‘ஹானஸ்ட்’: ஒரு சொல்லின் கால அடைவும் எம்ப்ஸனின் வாசிப்பும்

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் ‘ஹானஸ்ட்’, ‘ஹானஸ்டி’ என்னும் சொற்கள் 52 முறை வருகின்றன என்பது ஆங்கில விமர்சகர் வில்லியம் எம்ப்ஸனின் கணக்கு. 1951இல் வெளிவந்த ‘தி ஸ்ட்ரக்சர் ஆஃப் காம்ப்ளெக்ஸ் வேர்ட்ஸ்’ நூலில் இந்நாடகத்தின் ‘ஹானஸ்ட்’ பற்றியே ஓர் இயலை அவர் எழுதினார். ஆங்கிலச் சொற்பொருள் வரலாற்றை இலக்கியத்தோடு வைத்துப் படிப்பவர் எவரும் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதன் மையக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

எம்ப்ஸன் கூறுவதன் சாரம் இது: ஷேக்ஸ்பியர் காலத்தில் இச்சொல் சிக்கலான ஒரு பொருள் மாற்றத்தின் நடுவில் இருந்தது. கொள்கை பார்க்காமல் இயல்பான ஆசைகளை ஒளிவுமறைவின்றி ஏற்பவன், நண்பரை விட்டுக்கொடுக்காதவன் ஆகியோரையும் ‘ஹானஸ்ட்’ என்று மெச்சும் வழக்கு அன்றைய கீழ்த்தட்டுக் கூட்டத்தாரிடையே பரவியிருந்தது. 1660இல் முடியாட்சி மீண்ட பிறகே அது மேல்தட்டுக்கு ஏறியது. ஷேக்ஸ்பியர் இந்தப் புதுவழக்கை வெறுத்தார். நாடகத்தின் வஞ்சகனான இயாகோவைச் சுற்றி அச்சொல் இத்தனை முறை ஒலிப்பதற்கு அதுவே காரணம். பின்னால் வரவிருந்ததை நாடகம் முன்கூட்டியே உணர்த்துவதாகவும் எம்ப்ஸன் கருதுகிறார்.

என் மறுப்பு இங்கே தொடங்குகிறது. பிற்காலப் பொருள் ஒன்றை முற்காலப் பனுவலில் காணும்போது, அது பனுவலிலேயே உள்ளதா, நாம் ஏற்றிச் சொல்வதா என்று முதலில் தீர்க்க வேண்டும். இப்பொருள் மாற்றத்தின் ஒரு முக்கியக் கட்டம் ‘ஒதெல்லோ’ எழுதப்பட்ட காலத்துக்குள் நிகழ்ந்ததா இல்லையா என்பதை எம்ப்ஸனே திறந்து விட்டுவிடுகிறார். கால அடைவில் இவ்வளவு நெகிழ்வு இருக்கையில், அதன்மேல் ஆசிரியரின் வெறுப்பு என்னும் கட்டுமானத்தை எழுப்புவது பொருந்தாது.

உறுதியாகத் தெரிந்தவை சில. லத்தீன் ‘ஹொனெஸ்துஸ்’, மதிப்பையும் பதவியையும் குறிக்கும் ‘ஹொனோஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. பழைய பிரெஞ்சு வழியாகச் சுமார் 1300 அளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதற்பொருள் மதிப்புக்குரியவர் என்பதே. பெண்ணைக் குறிக்கையில் அது கற்புடைமை ஆயிற்று. ‘ஹாம்லெட்’டில் ஒஃபீலியாவிடம் கேட்கப்படும் கேள்வி இந்தப் பொருளில்தான். பொய்யும் திருட்டும் இல்லாதவர் என்ற பொருள் பக்கத்திலேயே வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் இன்னொரு வழக்கும் சேர்ந்தது: மேலிடத்தவர் கீழிடத்தவரை மெச்சுவதுபோல் அழைக்கும் அடைமொழி.

இந்த நான்காவது வழக்குக்கு நாடகத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியில் கேஸியோ, கோமாளியான பணியாளை ‘ஹானஸ்ட்’ நண்பனே என்று அழைக்கிறான். கோமாளியோ, நண்பன் பேசுவது காதில் விழவில்லை, நீங்கள் பேசுவதுதான் கேட்கிறது என்று வார்த்தையைத் திருப்பிவிடுகிறான். நாடகத்தின் கடைநிலை மனிதனுக்குப் படைத்தலைவருக்கு அடுத்த நிலையில் இருந்து பதவி இழந்த அதிகாரி தரும் அதே அடைமொழி, பதவி உயர்வு மறுக்கப்பட்ட இயாகோவின் பெயரோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேஸியோவை ஒதெல்லோ ‘மைக்கேல்’ என்று உரிமையோடு அழைக்கிறான். இயாகோவுக்கு வாய்ப்பதோ ‘ஹானஸ்ட்’. இந்தத் தொனியை எம்ப்ஸன் காணாமல் இல்லை. அதைத் துணைக்காரணமாக ஒதுக்கிவிடுகிறார் என்பதே என் குறை. காலம் உறுதியான சான்று இதற்கு இருக்கிறது. அவருடைய கலகலப்பான ‘ஹானஸ்ட்’டுக்கு இந்நாடகத்தில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்தது பாடபேதம். எம்ப்ஸனின் 52, இரு பழம்பதிப்புகளையும் இணைத்த பனுவலுக்கே பொருந்தும். நாடகம் 1604 நவம்பர் 1இல் வைட்ஹால் அரண்மனையில் நடிக்கப்பட்டது. முதல் அச்சு 1622இன் குவார்ட்டோ என்னும் தனிப்பதிப்பு. அடுத்த ஆண்டு ஃபோலியோ என்னும் தொகுப்புப் பதிப்பு. ஃபோலியோவில் ஏறத்தாழ 160 வரிகள் கூடுதல். அவற்றில் இரண்டு இடங்கள் நம் சொல்லுக்கு உயிரானவை.

முதலாவது, மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சி. மனைவியை நம்பவும் முடியாமல், நம்பாதிருக்கவும் முடியாமல் ஒதெல்லோ சான்று கேட்கும் பேச்சு. அங்கே ‘ஹானஸ்ட்’ அவன் மனைவி டெஸ்டிமோனாவுக்குப் போகிறது. இயாகோவுக்கு ‘ஜஸ்ட்’ என்னும் சொல் தரப்படுகிறது. நாடகத்தில் பெரும்பாலும் இயாகோவுக்கு உரியதாக இருந்த சொல் அவனிடமிருந்து எடுக்கப்பட்டு, அவன் இடத்தில் ஓர் ஒருபொருட்சொல் வைக்கப்படுகிறது. பெண்ணின் கற்பும் ஆணின் வாய்மையும் ஒரே சொல்லில் தங்கியிருந்ததை ஆசிரியர் அறிந்தே பிரித்திருக்கிறார் என்பேன்.

இரண்டாவது, ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சி. டெஸ்டிமோனாவின் கொலை முடிந்த பின், அவள் கற்பிழந்தவள் என்று என் கணவனா சொன்னான் என்று இயாகோவின் மனைவி எமிலியா மீண்டும் மீண்டும் கேட்கிறாள். ஆம், உன் கணவன், என் நண்பன் என்று சொல்லும் ஒதெல்லோ, இயாகோவின் பெயருக்கு முன் ‘ஹானஸ்ட்’டை இருமுறை அடுக்குகிறான். உண்மை வெளிப்படுவதற்குச் சற்று முன் ஒதெல்லோ இச்சொல்லைக் கதறுவதாக எம்ப்ஸன் எழுதியதற்குப் பெரும் ஆதாரம் இந்த அடுக்குத்தான். குவார்ட்டோவில் இப்பகுதி இல்லை. சற்று முன்னர் அவன் இயாகோவை ‘ஹானஸ்ட்’ மனிதன் என்று சொல்வது மட்டுமே இரு பதிப்புகளிலும் உண்டு.

ஃபோலியோவின் கூடுதல் வரிகள் ஷேக்ஸ்பியர் பின்னர் எழுதிச் சேர்த்தவை என்று ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் நெவில் காக்ஹில் 1964இல் வாதிட்டார். மற்றோர் ஆய்வாளர் ஈ. ஏ. ஜே. ஹோனிக்மன் 1996இல் அதை ஐயத்தோடு பார்த்தார். குவார்ட்டோவில் வெட்டப்பட்டவை என்று கொள்ளவும் இடமுண்டு. இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. சான்று மெலிந்த இடம் இது என்று தெரிந்தே என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். அவை பிற்சேர்க்கை என்றால், மேடையேறிய நாடகத்துக்கு ஆசிரியர் திரும்பி வந்து இச்சொல்லைக் கூர்மையாக்கியிருக்கிறார். வெட்டு என்றால், அக்கூர்மை முதலிலிருந்தே இருந்தது. எப்படிக் கொண்டாலும் இரு பகுதிகளும் ஒதெல்லோவின் வாயில் வருபவை. கற்பு, வாய்மை, நம்பிக்கை என்ற பொருள்களையே சுமப்பவை. ஆசையை மறைக்காத உல்லாசி என்ற பொருளின் சாயல் அவற்றில் துளியும் இல்லை. ஆசிரியர் வெறுத்தது அந்தப் புதுவழக்கை என்றால், சொல் உச்சம் தொடும் இடங்களில் அது ஏன் காணப்படவில்லை? எம்ப்ஸனின் இயலில் இதற்கு விடை இல்லை.

தம் கூட்டத்தை விட்டுக்கொடுக்காதவன் என்ற பொருள் பின்னாளில் வந்தது உண்மை. ஆக்ஸ்ஃபோர்டு தொல்பொருள் அறிஞர் தாமஸ் ஹெர்ன் 1705 முதல் 1735 வரை எழுதிய நாட்குறிப்புகளில், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின்பால் பற்றுமாறாதவர்களை ‘ஹானஸ்ட்’ என்று குறிக்கிறார். கட்சிக்காரர்களுக்கிடையே அது அடையாளச்சொல்லாகவே புழங்கியது. எம்ப்ஸன் தேடியதற்கு நெருங்கிய பொருள் இங்கே ஐயமின்றிக் கிடைக்கிறது. ஆனால் ‘ஒதெல்லோ’வுக்கு ஒரு நூற்றாண்டு தள்ளி.

இடைப்பட்ட நூறாண்டில் அப்பொருள் எப்போது முளைத்தது என்பதைத் தேதியிட்டுச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. 1604க்கு முன்பே பேச்சுவழக்கில் இருந்து, எழுத்தில் ஏறாமல் போயிருக்கலாம். அந்த வாய்ப்பை மறுக்கவில்லை. மதிப்பு, கற்பு, வாய்மை, மேலிருந்து வரும் மெச்சல் ஆகிய நான்குமே ‘ஒதெல்லோ’வை விளக்கப் போதும் என்பதும், ஐந்தாவது பொருளை அதற்குள் வைக்க விரும்புபவரே சான்று தரக் கடமைப்பட்டவர் என்பதுமே இக்கட்டுரையின் முடிவு. 52 என்ற எண்ணையும் இனி எந்தப் பதிப்பின்படி என்று குறிப்பிட்டே எடுத்தாள வேண்டும்.