உதட்டைப் படித்தவரும் ஒன்பது நீதிபதிகளும்

அமெரிக்காவுல 1973-ல மறுவாழ்வுச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. அதோட 504-வது பிரிவு சொல்றது இதுதான்: மத்திய அரசோட காசு வாங்குற நிறுவனங்கள், தகுதியுள்ள ஒருத்தரை ஊனம்ங்கிற ஒரே காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 'தகுதி'ன்னா என்ன? உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் 504 வழக்கே இந்தக் கேள்வியிலதான் மாட்டுச்சு.

வட கரோலினாவில் டேவிஸ்னு ஒரு பெண்மணி. ஏற்கனவே உரிமம் வாங்கின பிராக்டிகல் நர்ஸ். அடுத்த படியான ரிஜிஸ்டர்டு நர்ஸ் படிப்புக்கு சவுத்ஈஸ்டர்ன் கம்யூனிட்டி காலேஜ்ல விண்ணப்பிச்சாங்க. காது சரியா கேக்காது. ஹியரிங் எய்டு இருந்தாலும் எதிராளியின் உதட்டசைவைப் பார்த்தால்தான் பேச்சு புரியும். மாநில நர்சிங் வாரியத்துல யோசனை கேட்ட கல்லூரி, நோயாளிகளுக்கு ஆபத்துன்னு சொல்லி இடம் தர மறுத்துடுச்சு.

முதல் கோர்ட்டும் கல்லூரி பக்கம்தான். ஆபரேஷன் தியேட்டர்ல எல்லாரும் மாஸ்க் போட்டிருப்பாங்க, உதட்டை எப்படிப் படிக்கிறது? நியாயமான கேள்விதான். அப்பீல் கோர்ட் அந்தத் தீர்ப்பை மாத்திச்சு. 1979 ஜூன்ல உச்ச நீதிமன்றம் 9-0ன்னு திரும்பவும் கல்லூரிக்கே கொடுத்துடுச்சு. ஊனம் இருந்தும் படிப்போட எல்லா நிபந்தனைகளையும் நிறைவேத்த முடிஞ்சவர்தான் தகுதியுள்ளவர். அவருக்காகப் படிப்பையே அடிப்படையா மாத்தணும்னு கல்லூரியைக் கட்டாயப்படுத்த முடியாது. இதான் தீர்ப்பு.

எங்க ஸாஃப்ட்வேர் தொழில்ல ஒரு பாலபாடம் உண்டு. ரெக்வயர்மெண்ட்னு ஒருத்தர் எதைச் சொன்னாலும் முதல்ல 'ஏன்'னு கேக்கணும். நர்ஸுக்குக் காது கேக்கணுமா, இல்ல நோயாளி சொல்றது புரியணுமா? ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. ரிஜிஸ்டர்டு நர்ஸ் எல்லாரும் ஆபரேஷன் தியேட்டர்லயேவா வேலை பாக்குறாங்க? டேவிஸ் தரப்பும் இதைச் சொல்லிப் பார்த்துச்சு, எடுபடலை.

ஆனா தீர்ப்பை எழுதின நீதிபதி பவல் ஒரு ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுப் போனார். தொழில்நுட்பம் வளர வளர, படிப்பை மாத்த மறுக்கிறதே பாகுபாடு ஆகிற நிலை வரலாம்னு அதே தீர்ப்புல எழுதியிருக்கார். 2013-ல அது நடந்துச்சு. நெப்ராஸ்காவில் காது கேளாத ஒரு மருத்துவ மாணவர், பேசுறதை உடனுக்குடன் எழுத்தாக் காட்டுற வசதி கேட்டு வழக்குப் போட்டார். கிரைட்டன் பல்கலைக்கழகம் பாகுபாடு காட்டினதுன்னு ஜூரி சொல்லிடுச்சு. இன்னிக்கு வாய் தெரியுற மாஸ்க் இருக்கு. இதயத்துடிப்பைத் திரையில காட்டுற ஸ்டெதாஸ்கோப்பும் இருக்கு.

டேவிஸுக்கு இதெல்லாம் பிரயோஜனப்படலை. அவங்க பேர் சட்டப் புத்தகத்துல நின்னுடுச்சு, அந்த வகுப்புல அவங்களுக்கு இடம் கிடைக்கலை. 'உன்னால முடியாது'ன்னு சொல்றதுக்கு முன்னாடி 'எப்படிச் செய்வே?'ன்னு ஒரு தடவை கேட்டுப் பாக்குறதுக்கு என்ன செலவாகிடும், சொல்லுங்க?