கைநாட்டு வாசகர்கள்

பொங்கல் விழாவில் பார்த்த ஒரு சின்ன சம்பவத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊர் போர்ட் பிளேர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், நமக்குத்தான் வாய் இன்னும் பழகவில்லை.

மண்டப வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேலே நாற்பது ஐம்பது புத்தகங்கள். பின்னால் வேட்டி சட்டையில் ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற வாத்தியார், தீவுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே வந்து குடியேறிய குடும்பங்களின் கதைகளை எழுதி, சொந்தக் காசில் சென்னையில் அச்சடித்து, கப்பலில் வரவழைத்திருந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டு, "நம்ம ஊர்க் கதைதான், ஒரு பக்கம் பார்த்துட்டுப் போங்க" என்றார். பலரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு பந்தியைப் பார்த்து நடந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. எழுதிய மனுஷனே வாசலில் நின்று விற்க வேண்டுமா என்று தோன்றியது.

அப்போது எண்பதை நெருங்கும் ஒரு அம்மா வந்து மேசையருகே நின்றார். "சார், எனக்கு எழுத்து தெரியாது. வாசிச்சுக் காட்டுங்க, கேக்குறேன்" என்றார். வாத்தியாருக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கதையைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். இரண்டு பக்கம் முடிவதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டார்.

நான் சும்மா இருக்காமல், "படிக்கத் தெரியாதுன்னீங்க, எதுக்கும்மா வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க தோட்டத்துல பாட்டுப் புத்தகம் விக்கிற ஆளு வருவாரு தம்பி. சம்பளத்தன்னிக்குப் பார்த்து வருவாரு. பாடிக் காட்டுவாரு. எங்கம்மா வாங்கி வச்சுக்கிடும். எழுத்து தெரிஞ்ச பிள்ளைங்க யாராச்சும் வந்தா பாடச் சொல்லிக் கேக்கும்."

தோட்டம் என்று அவர் சொன்னது இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை. அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவுக்கு ரப்பர் வேலைக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. அந்தப் பாட்டுப் புத்தகம் என் மனதில் ஒட்டிக்கொண்டது. அதன் வேரைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தவர், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு காமர்ஸ் வாத்தியார்!

*

அவர் பெயர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். வணிகக் கல்வி சொல்லிக் கொடுத்தவர். 'வர்த்தக மித்திரன்' என்று வியாபாரிகளுக்காக ஒரு பத்திரிகை நடத்தியவர். கணக்குப் பதிவு, இன்ஷூரன்ஸ், எண்ணெய் என்ஜின் என்று தமிழில் அப்போது யாரும் அதிகம் தொடாத விஷயங்களில் புத்தகம் போட்டவர். பி.காம். படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வகையில் பெரியப்பா முறை.

1915இல் முதல்முறையாகக் கொழும்புக்குப் போனார். அங்கே இருந்த தமிழ் வியாபாரிகள்தான் அவருடைய வாசகர்கள், சந்தாதாரர்கள். அந்தப் பயணம் அத்தோடு முடிந்திருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத எதுவும் இருந்திருக்காது. ஆனால் அவர் மலைமேல் இருக்கும் தோட்டங்களில் நம் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார்.

பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. தோட்டம் என்பது தனியார் சொத்து. துரையின் அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். லயன் வீடுகளில் இருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கக்கூட அனுமதி வேண்டும். தடையில்லாமல் உள்ளே போய்வந்தவர்கள் ஒருசிலர்தான், அவர்களில் ஒருவர் புடவை வியாபாரி. நடேசய்யரும் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புடவை வியாபாரி வேஷத்தில் லயன்களுக்குள் போனார்.

உள்ளே அவர் பார்த்த கொடுமைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதன் பெயர் 'துண்டு'.

கங்காணி ஊரிலிருந்து ஆட்களை அழைத்து வருவார். வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று எல்லாம் கடன் கணக்கில் ஏறும். அந்தக் கூட்டம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால், பழைய தோட்டம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். இத்தனை பேர், இவ்வளவு கடன், இதைக் கட்டுகிறவர் இவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும், கடன் அங்கே போய் மறுபடி பற்று எழுதப்படும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், கையெழுத்து மாறி மாறிப் போகிற உண்டியல் மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இங்கே கை மாறியது மனிதர்கள். இந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனாலும் கங்காணியிடம் கடன் என்பது அதோடு போய்விடவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். தமிழில் கணக்குப் பதிவு நூல் எழுதிய ஒருவர், தன் பெயரில் என்ன பற்று எழுதியிருக்கிறது என்றே வாசிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் நடுவில் நிற்கிறார். அவர்கள் வாழ்க்கையை நடத்துவதே எழுத்துதான். துண்டு எழுத்து, செக்ரோல் எழுத்து, தோட்டத்தை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பற்றுச்சீட்டும் எழுத்து. அந்த எழுத்தில் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

வங்கியில் எங்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குவதற்கு முன்னால், தாளில் உள்ளதை அவருக்குப் புரிகிற மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும். அவர் புரிந்துகொண்டார் என்று சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்கு வீண் நேரமாகத் தெரிந்தது. நடேசய்யரைப் படித்தபிறகு அப்படித் தோன்றவில்லை.

*

1920 வாக்கில் நடேசய்யர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். 'தேச நேசன்' நடத்தினார். 1924இல் 'தேசபக்தன்' ஆரம்பித்தார். பத்திரிகை, சங்கம், சட்டசபை மூன்றிலும் ஒரே சமயத்தில் ஓடினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார். 1936 முதல் அட்டன் தொகுதிக்கு அரசாங்க சபை உறுப்பினராக இருந்தார். 1947 நவம்பரில் காலமானார். சாரல்நாடன் தேடித் தேடி எழுதிய நூல்கள் இல்லையென்றால் இதெல்லாம் நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

புத்தகப் பட்டியலைப் பார்த்தால் மனுஷனின் வேகம் தெரியும். 'மூலையில் குந்திய முதியோன்' என்று துப்பறியும் கதை. 'நீ மயங்குவதேன்?', 'வெற்றியுனதே' என்று கட்டுரை நூல்கள். தொழிலாளருக்குச் சட்டம் சொல்லும் புத்தகம். 1937இல் 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்று ஒரு நாடகம். கணக்குப் புத்தகத்தில் ஆரம்பித்தவர் நாடகத்துக்கு வந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். நாடகத்தைப் புரிந்துகொள்ள எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை, காது இருந்தால் போதும்.

ஆனாலும் எழுத்து தெரியாதவனை எட்டிய வித்தையில் அவரையும் மிஞ்சியவர் அவர் மனைவி மீனாட்சி அம்மை. 'தேசபக்தன்' பத்திரிகை வேலையிலும் பங்கெடுத்தவர். பெண்கள் விஷயமாக எழுதியவர். எல்லாவற்றுக்கும் மேலே, மேடையேறிப் பாடியவர். கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் பாரதி பாட்டைப் பாடுவார். இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1928இல் சென்னை மாகாண அரசு பாரதியின் பாடல் நூல்களைத் தடை செய்து பறிமுதல் செய்தது. கடல் தாண்டி மலைநாட்டில் ஒரு பெண்மணி அந்தப் பாட்டுகளைக் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

பாரதியோடு நிற்கவில்லை. தானே பாட்டுக் கட்டினார். தொழிலாளர் துயரத்தைச் சிந்து மெட்டில் பாடினார். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில் விஷயத்தை ஏற்றினார். அது சின்னச் சின்னப் பிரசுரங்களாக அச்சாகித் தோட்டங்களுக்குப் போனது. 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் இலங்கை அரசு தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கியது. பதிலுக்கு இந்திய அரசு கூலி வேலைக்கு ஆள் போவதைத் தடுத்தது. நேருவும் நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். நம் ஆட்களுக்கு அங்கே உரிமை இருக்குமா இருக்காதா என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டிருந்த நேரம். படித்தவர்கள் அதை ஆங்கிலத்தில் விவாதித்தார்கள். மீனாட்சி அம்மை அதையே பாட்டாக்கி, அந்த முடிவினால் பாதிக்கப்படப்போகிற ஜனங்களின் காதில் போட்டார்.

இவர்கள் மட்டுமில்லை. பாட்டுக்காரர்கள் வரிசையே உண்டு. கோவிந்தசாமித் தேவர் போன்றவர்கள் பாட்டுக் கட்டி, சில காசு விலையில் அச்சடித்து, கூட்டம் சேரும் இடத்தில் பாடி விற்றார்கள். தமிழ்நாட்டில் சந்தையிலும் ரயிலடியிலும் கொலைச்சிந்து விற்றார்களே, அதே முறை. இங்கே விஷயம் மட்டும் சம்பளமும் சங்கமும். எழுதியவர், பாடியவர், விற்றவர் பல சமயம் ஒரே ஆள். வாசகர் என்ன நினைக்கிறார் என்று அவர் விமர்சனத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சம்பள நாள் பார்த்து வந்தது வெறும் வியாபார சாமர்த்தியம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் இன்னொன்று தோன்றியது. சம்பளம் பிடித்தம் போக எவ்வளவு கைக்கு வந்தது என்று எல்லோரும் எண்ணிப் பார்க்கிற ஒரே நாள் அது. கணக்கைப் பற்றிய பாட்டை விற்க அதைவிட நல்ல நாள் எது?

*

கதை நல்லபடியாக முடியவில்லை. சுதந்திரம் பெற்ற இலங்கை 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். தாத்தா, அப்பா எங்கே பிறந்தார்கள் என்று தாள் காட்டச் சொன்னார்கள். லயனில் பிறந்தவனிடம் ஏது தாள்? மறுபடியும் எழுத்துதான் தலையெழுத்தை முடிவு செய்தது.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஐந்தொகை சரியாக வந்துவிட்டது! ஆனால் அந்த எண்களுக்குள் இருந்தவர்களிடம் யாரும் வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்கவில்லை.

அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். கொஞ்சம் குடும்பங்களுக்கு எழுதி வைத்த இடம் கச்சால். தேயிலை பறித்த கைகள் ரப்பர் மரம் சீவப் பழகின. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தத் தீவை எப்படி உலுக்கியது என்று இங்கே இருக்கும் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொங்கலன்று பார்த்த அம்மாவும் அதற்குப் பிறகு மகனோடு இங்கே வந்துவிட்டவர்தான். "அந்தப் பாட்டுப் புத்தகமெல்லாம் இருக்காம்மா?" என்று கேட்டேன். "கப்பல்ல வரும்போதே போச்சு. பாட்டுல ரெண்டு அடி மட்டும் இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

*

இதையெல்லாம் வீட்டில் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் பத்தாவது படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், சண்டையே தமிழில்தான் போடுவாள். இந்தியும் ஆங்கிலமும் வேகமாக வாசிப்பாள். தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டித்தான். வெளியூரில் பிள்ளை வளர்க்கும் உங்களில் பலர் வீட்டிலும் இதே நிலைமை இருக்கும். நடேசய்யர் காலத்து லயனில் இருந்த அதே வாசகர்தான், என் வீட்டில் சுடிதார் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் புரியும், எழுத்தைக் கண்டால் ஓட்டம்.

அவளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியது என் பொறுப்பு, அதில் சாக்கு சொல்வதற்கு இடமில்லை. ஆனால் அவள் கற்று முடிக்கிறவரை கதையைக் காக்க வைக்க முடியாதே. அன்று அந்த வாத்தியாரிடம் நானும் ஒரு பிரதி வாங்கியிருந்தேன். எடுத்து வந்து மூன்றாவது கதையை வாசித்தேன். கச்சாலுக்கு முதல் தடவை கப்பலில் வந்து இறங்கிய ஒரு குடும்பத்தின் கதை. நடுவில் எனக்குத் தொண்டை கட்டி நிறுத்தினேன்.

"அப்புறம்பா?" என்றாள்.

மறுநாள் வாத்தியாருக்கு போன் செய்தேன். அடுத்த விழாவுக்கு மேசையை வாசலில் போட வேண்டாம், உள்ளே மேடைக்குப் பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்கிறேன், பந்திக்கு முன்னால் அரைமணி நேரம் நீங்கள் வாசிக்க வேண்டும் என்றேன். "யாரு சார் உக்காந்து கேப்பாங்க?" என்றார். இரண்டு பேர் பெயர் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. ஒருவருக்கு எண்பது வயது, இன்னொருத்திக்குப் பதினைந்து.