இரவுவேலையும் புற்றுநோயும்: ஒரு நூற்றாண்டுக் கதை



யேர்மனியில் ஒரு காலத்தில் பெண்களைத் தொழிற்சாலையில் இரவுவேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்று சொன்னால், இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1891ஆம் ஆண்டு வந்த அந்தத் தடை, யுத்த காலங்களில் தளர்ந்தும் பிறகு இறுகியும் 1992 வரை இருந்தது. ஆனால் அது தொழிலாளப் பெண்களுக்கு மட்டுமே. வைத்தியசாலைத் தாதிமார் அந்த நூறு வருடமும் இரவில் கண்விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெண்ணின் உடம்பைக் காக்கிற சட்டம் என்றால் தாதியின் உடம்பு என்ன உடம்பு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

கேக் பொதி செய்யும் பெண்களை இரவில் வேலைக்கு வைத்ததற்காக விதிக்கப்பட்ட தண்டப்பணத்தில் தொடங்கிய ஒரு வழக்கு, கால்ஸ்றூவ நகரிலுள்ள சமஷ்டி அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 1992 ஜனவரி 28ஆம் திகதி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமத்துவம் என்ற விதிக்கு அந்தத் தடை முரணானது என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. இரவுவேலை பெண்ணுக்கு மட்டுமல்ல, எந்த மனிதருக்குமே கெடுதியானது. ஆகவே எல்லோரையும் காப்பாற்ற ஒரு சட்டம் வேண்டும் என்றது நீதிமன்றம். அப்படி வந்ததுதான் 1994 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள வேலைநேரச் சட்டம்.

இந்த வருடங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து அகதி மனுக் கொடுத்த எங்கள் ஆட்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. 1987இல் அந்தத் தடையை ஐந்து வருடமாக நீட்டினார்கள். 1991இல்தான் அது நீங்கியது. எங்களுக்கு வேலைக் கதவு திறந்த அதே காலத்தில், பெண்களுக்கு இரவுவேலையின் கதவும் திறந்தது. பகல் வேலைக்கு டொச் கேட்டார்கள், படித்த பத்திரம் கேட்டார்கள். இரவு வேலைக்கு இரண்டு கைகள் போதும். கோப்பை கழுவுதல், பேப்பர் போடுதல், விடியப்புறத் துப்புரவு, பொதி நிலையம், வெதுப்பகம் என்று எத்தனையோ. வெதுப்பகங்களில் இரவில் பாண் சுடக்கூடாது என்று 1915இல் வந்த தடையும் 1996இல் போய்விட்டது. அப்பா பகலில், அம்மா இரவில். பிள்ளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும். இரவுக்கான மேலதிகக் கொடுப்பனவுக்குக் குறித்த வரம்பு வரை வரியும் இல்லை. அந்தக் காசில்தான் சீட்டுக் கட்டினோம், ஊருக்கு அனுப்பினோம். நானும் பதினொரு வருடங்கள் ஒரு பொதி நிலையத்தில் இரவில் நின்றவன்.

அப்போது புற்றுநோய் என்ற பேச்சு எங்களிடம் இருக்கவில்லை. ஆனால் உடம்புக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது என்பது இந்த நாட்டில் ஏற்கெனவே தெரிந்த விடயம். மியூனிச்சுக்குத் தென்மேற்கே, மடாலயத்துப் பியருக்குப் பேர்போன அன்டெக்ஸ் என்ற கிராமத்தில், யூர்கன் அஷோவ், றூற்கர் வேவர் என்ற இரு விஞ்ஞானிகள் அறுபதுகளில் நிலத்தடி அறை ஒன்றைக் கட்டினார்கள். பகல் வெளிச்சமில்லை, வெளிச் சத்தமில்லை, மணிக்கூடு இல்லை. 1989 வரை நானூறுக்கும் மேற்பட்டோர் முறைமுறையாக அதற்குள் வாரக்கணக்கில் இருந்தார்கள். வெளியே பகலா இரவா என்று தெரியாமலே அவர்களுடைய உடல் வெப்பமும் தூக்கமும் ஏறத்தாழ ஒரு நாள் கணக்கில் ஏறி இறங்கின. அந்த மணிக்கூட்டைத் தினமும் சரிப்படுத்துவது வெளிச்சம். இருட்டில்தான் மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி மெலற்றோனின் என்ற பொருளைச் சுரக்கும். இரவில் பளிச்சென்ற விளக்கின் கீழ் நின்றால் அது அடங்கிப்போகும்.

மின்விளக்கின் வெளிச்சத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1987இல் அமெரிக்க ஆய்வாளர் றிச்சர்ட் ஸ்ரீவன்ஸ் எழுதினார். 2001இல், அமெரிக்காவில் ஏறத்தாழ 78,000 தாதியரைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளிவந்தது. முப்பது வருடமோ அதற்கு மேலோ இடையிடையே இரவுவேலை செய்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 36 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. நூறு பேரில் 36 பேருக்கு வந்தது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்றப் பெண்களுக்கு வருகிற அளவைவிட அதன் மூன்றிலொரு பங்கு அதிகம் என்பதே பொருள்.

2007 ஒக்ரோபரில் பிரான்சின் லியோன் நகரில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், உடல் மணிக்கூட்டைக் குழப்பும் முறைமாற்று வேலையைப் 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதன்பின் டென்மார்க் அரசு, இருபது வருடத்துக்கு மேல் இரவுவேலை செய்து மார்பகப் புற்றுநோய் கண்ட ஏறத்தாழ 40 பெண்களுக்கு நட்டஈடு கொடுத்தது. யேர்மனியில் அதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கவில்லை. பொன் நகரப் பகுதியில் நடந்த ஆய்வொன்றில் உறுதியான முடிவு கிடைக்கவில்லை, ஏனென்றால் நீண்டகாலம் இரவுவேலை செய்த பெண்கள் அதில் மிகக் குறைவு. அந்த நூறு வருடத் தடையும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எதிர்க்கதையும் உண்டு. 2016இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்து, தொடர்பு எதுவும் தெரியவில்லை என்றார்கள். அதிலிருந்த பலர் வேலையை விட்டுக் காலமாகியிருந்த வயதானவர்கள் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 2019இல் லியோனில் மறுபடி கூடி எல்லாவற்றையும் பரிசீலித்தபோதும் இரவுவேலை 2ஏ பிரிவிலேயே இருந்தது. சிவப்பு இறைச்சியும், 65 பாகைக்கு மேற்பட்ட கொதிசூட்டில் குடிக்கிற பானமும் அதே பிரிவில்தான். ஆதாரம் எவ்வளவு பலமானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லும், ஆபத்து எவ்வளவு பெரியது என்பதையல்ல. சாதாரணமாக ஆறு மணி நேரம் தூங்குகிறவருக்குப் புற்றுநோய் வரும் என்றும் எவரும் நிறுவவில்லை. பேச்சு, வருடக்கணக்கான இரவுவேலையைப் பற்றியது.

சட்டத்துக்கு வருவோம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது பிரிவின்படி, வருடத்தில் 48 நாட்களுக்குக் குறையாமலோ முறைமாற்றிலோ இரவுவேலை செய்கிறவருக்கு, வேலை தொடங்குமுன்னும் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், ஐம்பது வயதுக்குப் பின் வருடந்தோறும் வைத்தியப் பரிசோதனை கேட்க உரிமை உண்டு. செலவு முதலாளியுடையது. கேட்டால்தான் கிடைக்கும், நான் நின்ற இடத்தில் எவரும் அதைச் சொல்லித் தரவில்லை. உடல்நலம் கெடுகிறது என்று வைத்தியர் எழுதினாலோ, வீட்டில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லையென்றாலோ, பொருத்தமான பகல் வேலைக்கு மாற்றும்படி கேட்கலாம். 2018இல் சமஷ்டித் தொழில் நீதிமன்றம், இரவில் மட்டுமே பேப்பர் போடுகிற ஒரு பெண்ணுக்கு 30 வீத மேலதிகக் கொடுப்பனவு உரியது என்று தீர்ப்பளித்தது. எங்களில் எத்தனை பேர் அதே வேலையை அதில்லாமல் செய்திருப்போம்!

1992இல் இருபத்தைந்து வயதில் இரவுவேலைக்குப் போன அக்காமார் இப்போது அறுபது வயதையொட்டி இருக்கிறார்கள். ஐம்பது முதல் அறுபத்தொன்பது வயதுப் பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இலவச மார்பகக் கதிர்ப்படம் எடுக்க இந்த நாட்டில் கடிதம் வரும். 2024 யூலை முதல் இந்த உரிமை எழுபத்தைந்து வயது வரை நீட்டப்பட்டுள்ளது. கடிதம் டொச்சில் இருக்கும். நாளும் நேரமும் அதிலேயே குறித்திருப்பார்கள். அது இரவுவேலை முடிந்து தூங்கப்போகிற காலையாக இருந்தால், அதிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வேறு நாள் கேட்கலாம்.