மனசுக்குக் கதவடைத்த விதி பிறந்த கதை

1643 மே மாதம். நாடிழந்த பொஹீமிய அரச குடும்பத்து இளவரசி எலிசபெத், ஹேக் நகரிலிருந்து ரெனே டெகார்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆன்மா என்பது சிந்தனை மட்டுமே, அதற்கு நீளமும் அகலமும் கிடையாது என்கிறீர்களே, அது எப்படி உடலை அசைக்கிறது? கேட்டவருக்கு வயது 24. டெகார்ட் சுற்றி வளைத்துப் பதில் எழுதினார், இளவரசி விடவில்லை.

பௌதிக நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் பௌதிகக் காரணமே போதும், மனம் என்று தனியாக ஒன்று வந்து தள்ள வேண்டியதில்லை என்ற கொள்கைக்கு இந்தக் கேள்வியில்தான் தொடக்கம். மனம் இயக்கத்தின் அளவைக் கூட்டாது, குறைக்காது, திசையை மட்டும் திருப்பிவிடும் என்று டெகார்ட் வழிவந்தவர்கள் சமாளித்தார்கள். லைப்னிட்ஸ் அதையும் மறித்தார்: உந்தத்தின் திசையும் சேர்ந்தே மாறாதிருக்கிறது, ஆகவே அந்தச் சந்திலும் மனம் நுழைய முடியாது.

அடைத்த கதவைத் திறந்துவிட்டவர் நியூட்டன். உலகை வெறும் இயந்திரமாக்கியவர் என்று அவரைப் பழிப்பதுண்டு, நடந்தது நேர்மாறு. தொடாமலே இழுக்கும் ஈர்ப்புவிசை இருக்கலாம் என்றால், உயிருக்கென்று ஒரு விசை ஏன் இருக்கக்கூடாது? 18ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல்களில் உயிர்விசை தாராளமாக உலவியது.

அதற்கு முடிவு கட்டிய வேலை ஜாவாவில் தொடங்கியது. 1840இல் யூலியஸ் ராபர்ட் மாயர் என்ற ஜெர்மன் மருத்துவர் டச்சுக் கப்பலொன்றில் வைத்தியராக அங்கே போனார். நோயுற்ற மாலுமிகளுக்கு அந்தக் கால வழக்கப்படி சிரையைக் கீறி இரத்தம் எடுத்தார். கருஞ்சிவப்பாக வர வேண்டிய இரத்தம் பளிச்சென்ற சிவப்பில் வந்தது. தவறித் தமனியை வெட்டிவிட்டோமோ என்று திடுக்கிட்டார். வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைத்திருக்க அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று யோசித்தார். உணவு எரிந்து வெப்பமாகிறது. அதே உணவு எரிந்துதான் கைகால் வேலையும் நடக்கிறது. அப்படியானால் வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று மாறுபவை. 1842இல் இது கட்டுரையாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், மாயர் ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர். ஆன்மாவை விரட்ட அவர் கிளம்பவே இல்லை.

அந்த எண்ணத்தோடு கிளம்பியவர்கள் பெர்லின் இளைஞர்கள். உயிர்விசையை நம்பிய யோஹான்னஸ் முல்லரின் மாணவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான ராணுவ மருத்துவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளைக் காலின் தசையை மின்சாரத்தால் துடிக்கவிட்டு, அதில் பிறக்கும் வெப்பத்தை அளந்தார். 1847 ஜூலையில் ஆற்றல் மாறா விதியை விளக்கிக் கட்டுரை வாசித்தார். மாயர் முதலில் அனுப்பி அச்சேறாமல் போன கட்டுரையைக் கண்டுகொள்ளாத அதே இதழாசிரியர், பொக்கென்டார்ஃப், இதையும் ஏற்கவில்லை. சிறு நூலாகத்தான் அச்சேறியது.

1890களில் மாக்ஸ் ருப்னர் நாயை வெப்பம் அளக்கும் பெட்டிக்குள் விட்டு, தின்றது, கழித்தது, வெளிவிட்ட வெப்பம் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் கணக்கெடுத்தார். வரவும் செலவும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒத்துப்போயின. உயிர்விசையின் பெயரில் தனிப்பற்று எழுதத் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கணக்கு சரியாக இருப்பதால் மட்டும் மனவிசை இல்லை என்று ஆகிவிடாது. தானும் கணக்குத் தவறாமல் கொடுத்து வாங்கும் மனவிசை ஒன்று இருந்திருக்கலாம். அதைத் தேடிப் போனவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதே கனமான சான்று. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெருநரம்பில் துடிப்பு ஓடுவதை ஆராய்ந்து, சோடியம், பொட்டாசியம் அயனிகள் உள்ளே வெளியே போய்வருவதைக் கொண்டே அதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1950களின் இறுதியிலும் 1960களிலும் ஸ்மார்ட், லூயிஸ், ஆர்ம்ஸ்ட்ராங் போன்ற தத்துவவாதிகள் மனமே மூளைதான் என்று வாதாடத் தொடங்கியதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பௌதிகக் காரணமே போதும் என்ற கொள்கையில் குவாண்டம் இயற்பியல் செய்த திருத்தம் சிறியது: நிகழ்வையோ, அது நிகழும் வாய்ப்பின் அளவையோ தீர்மானிப்பது பௌதிகக் காரணமே.

ஆக, இது தருக்கத்தால் நிறுவிய தேற்றம் கிடையாது. இரத்தமும் தவளையும் நாயும் கணவாயும் சேர்ந்து கொண்டுவந்து நிறுத்திய முடிவு. ஏற்க மனமில்லாதவர்கள் தாராளமாக மறுக்கலாம். எந்த நரம்பு, எந்த அயனி, பௌதிகக் காரணமின்றி அசைந்தது என்பதை மட்டும் அவர்கள் காட்ட வேண்டும்.