நஞ்சும் மருந்தும்: ஒரு லத்தீன் சொல்லின் வரலாறு

நஞ்சைக் குறிக்க லத்தீன் மொழியில் 'வெனெனும்' என்றொரு சொல் உண்டு; நஞ்சூட்டப்பட்டது, நச்சுத்தன்மை உடையது 'வெனெனாத்துஸ்' எனப்படும். காதல் தெய்வமாகிய வீனஸின் பெயரோடு உறவுடைய இச்சொல், தொடக்கத்தில் வசிய மருந்தையே குறித்திருக்கும் என்பர் மொழிநூலார். பின்னர் மருந்துக்கும் சாயத்துக்கும் நஞ்சுக்கும் இதுவே பெயராயிற்று.

உயிர் காப்பதற்கும் உயிர் கொல்வதற்கும் பெயர் ஒன்றேயாயின், சட்டம் எவரைத் தண்டிப்பது? கி.மு. 81-இல் சுல்லா கொணர்ந்த கொர்னேலியச் சட்டம், நஞ்சிடுவோரைக் கொலைஞரோடு சேர்த்துத் தண்டித்தது. ஆயினும் அது 'தீய வெனெனும்' என்று அடைமொழி கூட்டியே பேசிற்று. மனிதரைக் கொல்வதற்காக வைத்திருப்பதே குற்றம், நோய் தீர்க்க வைத்திருப்பது குற்றமன்று என விளக்கினார் சட்ட அறிஞர் மார்கியானுஸ். அவருக்கு முன்பே, கி.பி. 2-ஆம் நூற்றாண்டினரான காயுஸ், 'வெனெனும்' என்போர் அது நல்லதா தீயதா என்பதையும் சேர்த்துரைத்தல் வேண்டும் என்றார். ஜஸ்டினியன் பேரரசர் கி.பி. 533-இல் வெளியிட்ட 'டைஜஸ்ட்' என்னும் சட்டத்தொகுப்பு இவ்விரு விளக்கங்களையும் நமக்குக் காத்துத் தந்துள்ளது. மருத்துவனையும் கொலைஞனையும் பிரித்தது ஓர் அடைமொழியே.

இது உரோமருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. எலியைக் கொல்லும் நஞ்சை நாமும் 'எலி மருந்து' என்கிறோம். இந்தி வழங்கும் ஊர்க்கடைகளிலும் அது 'தவா' என்றே விற்கப்படுகிறது. ஆதலின் வீட்டிலுள்ள புட்டியின்மேல் 'மருந்து' என்று எழுதுவதோடு அமையாது, இன்னதற்கு என்றும் நாம் எழுதிவைத்தல் வேண்டும். காயுஸ் கேட்டதும் அதுவே.